மும்பைக் கரையில் ஐந்து நாழிகை



கடற்கரை என்ற சொல்லைக் கேட்டதும், தமிழகத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பெரும்பாலோருடைய மனக்கண்முன் தோன்றுவது மணல்தான். சென்னை மெரினாவாயினும், நாகப்பட்டினமாயினும், திருச்செந்தூராயினும், அகன்ற மணற்பரப்பும் அதன் விளிம்பில் ஓயாது புரளும் அலையுமே நாம் கண்டு பழகிய காட்சி. அலை முன்னே வரும், பின்னே செல்லும். ஆனால் கடல் தன் இருப்பிடத்தைவிட்டு எழுந்து போவதை நாம் கண்டதில்லை. சென்னைக் கரையில் கடல் ஏறி நிற்கும்போது உள்ள நீர்மட்டத்துக்கும் வற்றி நிற்கும்போது உள்ள நீர்மட்டத்துக்கும் வேறுபாடு, மிகுதியான நாள்களிற்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. மும்பையிலோ அந்த வேறுபாடு நான்கு மீட்டருக்கும் மேலே செல்லும். அதாவது, ஒரு மாடி வீட்டின் உயரத்தை விஞ்சிய நீர் காலையில் இருக்கும், மாலையில் இராது.

பிழைப்புக்காக மும்பை வந்து சேரும் தமிழர் முதன்முதலாகப் பாந்திராவிலோ வர்ளியிலோ கடலைக் காணச் செல்கையில் திகைப்பது இதனால்தான். நண்பகலில் சுவரில் மோதித் தம் சட்டையை நனைத்த கடல், அலுவலகம் முடிந்து மாலையில் திரும்பி வந்து பார்க்கும்போது எங்கோ தொலைவில் ஒரு வெள்ளிக்கோடாகத் தெரிகிறது. இடையில் கிடப்பது கறுத்த பாறைகளும், சேறும், ஆங்காங்கே தேங்கிய நீரும், துர்நாற்றமும். "கடல் எங்கே போயிற்று?" என்று கேட்பவர்கள், அந்தப் பாறைகளை இரண்டாம் முறை நோக்காமல் திரும்பிவிடுகிறார்கள். மும்பை வாசிகளிலும் பெரும்பாலோர் அவ்வாறே செய்கிறார்கள்.

இவ்வாறு கடல் ஏறி இறங்குவதைத் தமிழில் ஓதம் என்கிறோம். மராத்தியில் ஏற்றத்தைப் பர்தி என்றும், வற்றத்தை ஓஹோட்டி என்றும் சொல்கிறார்கள். மைய அரசின் அலுவலகங்களில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டிருக்கும் எங்களைப் போன்றோருக்கு இச்சொற்கள் புதியவை அல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய அறிவிக்கைகள் 1991-ஆம் ஆண்டிலும், பின்னர் 2011, 2019-ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. அவற்றில் 'உயர் ஓதக் கோடு', 'தாழ் ஓதக் கோடு' என்னும் இரண்டு தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். 'இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதி' என்ற தொடரும் வரும். எழுதுவதற்கு எளிய தொடர். வேற்றுமை உருபுகளைச் சரியாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆயினும், அந்த இடைப்பட்ட பகுதியில் இருப்பது யாது என்று அந்தத் தாள் எமக்குச் சொல்லவில்லை. அதைக் கண்டறியும் வாய்ப்பு, வழிகாட்டியுடன் கூடிய ஒரு கரை நடையில் எங்களுக்குக் கிடைத்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

மும்பையில் 2017-ஆம் ஆண்டு முதல், 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்னும் பெயரில் ஆர்வலர் குழு ஒன்று இத்தகைய நடைகளை நடத்தத் தொடங்கியது. கடல்வாழ் உயிர்களை அறிந்தவர்கள், அறியாதவர்களை அழைத்துக்கொண்டு, கடல் வற்றும் நேரத்தில் பாறைகளின்மேல் நடந்து காட்டுவது இதன் முறை. ஜூஹு, கிர்காவ், ஹாஜி அலி, பாந்திரா முதலிய கரைகளில் நடைகள் நிகழ்ந்திருக்கின்றன. நாங்கள் சேர்ந்துகொண்டது பாந்திராவின் கார்ட்டர் சாலைக் கரையில், அமாவாசைக்கு மறுநாள் காலை. பதினைந்து பேர் இருந்தோம். செம்பூரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம், இரண்டு கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், மற்றவர்கள் பல மொழியினர். வழிகாட்டியாக வந்தவர் விலங்கியல் பயின்ற இளம் பெண்மணி.

கரையில் கால் வைக்குமுன்னரே அவர் மூன்று செய்திகளைச் சொன்னார். பாசி படிந்த பாறை வழுக்கும். ஆகவே, அடிப்பகுதி பிடிப்புள்ள செருப்பை அணிந்து, முழு அடியையும் பதித்து நடக்க வேண்டும். எதையும் கையில் எடுக்கலாகாது. எந்தக் கல்லையும் புரட்டலாகாது. அவர் புரட்டிக் காட்டினால், காட்டிய பிறகு அது முன்பு கிடந்தவாறே மீண்டும் கிடக்க வேண்டும். இந்த மூன்றாவது விதியின் பொருள் அப்போது எங்களுக்கு முழுவதும் விளங்கவில்லை.

மும்பையின் கரைப்பாறை ஏறக்குறைய 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பாக வழிந்து இறுகிய கருங்கல். பார்வைக்கு ஒரே பரப்பாகத் தோன்றும் இந்தப் பாறையில், சாலைச் சுவரிலிருந்து கடலை நோக்கி இறங்க இறங்கக் குடியிருப்போர் மாறிக்கொண்டே வருகிறார்கள். மேலே இருப்பவர்கள் நீரின்றி நெடுநேரம் வாழத் தெரிந்தவர்கள். மிளகளவே உள்ள நத்தைகள் பாறை வெடிப்புகளில் கும்பலாக ஒட்டிக்கொண்டு, ஓட்டின் வாயை மூடி, ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே, பாறை முழுவதும் சுண்ணாம்பைத் தெளித்தாற்போன்று வெண்மையான சிறு கூம்புகள் காணப்பட்டன. இவை தமிழில் கொட்டலசு எனப்படும். பாறையின் ஒரு பகுதி என்றே எவரும் எண்ணும் இவை உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவினர். குஞ்சாக இருக்கும்போது நீரில் நீந்தித் திரிந்து, ஒருநாள் ஓர் இடத்தைத் தேர்ந்து, தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கின்றன. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதே இடந்தான். நீர் ஏறும்போது கூம்பின் கதவைத் திறந்து, இறகு போன்ற கால்களை வெளியே வீசி உணவை அள்ளிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்தக் கொட்டலசுகளை ஆராய்வதிலேயே செலவிட்டார் என்பது பலரும் அறியாத செய்தி.

அவற்றுக்கு அருகில், சிறு கூடாரம் போன்ற ஓட்டுடன் ஒரு வகை நத்தை பாறையோடு பாறையாக அழுந்திக் கிடந்தது. இதனைப் பற்றி வழிகாட்டி கூறியதை நாங்கள் மறக்கவியலாது. நீர் ஏறியிருக்கும் வேளையில் இது பாறைமேல் ஊர்ந்து சென்று பாசியைச் சுரண்டித் தின்கிறது. நீர் வடியுமுன், இவ்வினத்தில் பல, முன்னர் இருந்த அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகின்றன. எத்தனையோ முறை வந்து அமர்ந்து, ஓட்டின் விளிம்பும் பாறையும் ஒன்றுக்கொன்று தேய்ந்து, வாணலிக்கு அதன் மூடி பொருந்துவதைப் போல் பொருந்திவிடும். வேறோர் இடத்தில் அமர்ந்தால் ஓட்டுக்கும் பாறைக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியே ஈரம் வற்றும். வெயிலில் உயிர் போகவும் கூடும். நத்தை வெளியே சென்றிருக்கும்போது பாறையைப் பார்த்தால், அதன் வீடு ஒரு முட்டைவடிவத் தழும்பாகத் தெரியும். இந்த நத்தை வகையின் பல் மிகக் கடினமானது. உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் அதுவரை அளந்தறியப்பட்ட எல்லாவற்றினும் வலிமை மிக்கது என்று, ஐரோப்பியக் கரைகளில் வாழும் ஓரினத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2015-இல் கண்டார்கள்.

இன்னும் கீழே இறங்கியதும் பாறைக் குட்டைகள் தொடங்கின. கடல் விலகும்போது பள்ளங்களில் தங்கிவிடும் நீர்தான் இது. சில குட்டைகள் சோற்றுத் தட்டின் அளவு. சில, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியின் அளவு. குனிந்து பார்த்த முதற்கணத்தில் ஒன்றும் தென்படுவதில்லை. "அசையாமல் நில்லுங்கள், உங்கள் நிழல் நீரில் விழவேண்டாம்" என்றார் வழிகாட்டி. ஒரு நிமிடம் சென்றிருக்கும். கல் என்று எண்ணிய ஒன்று நடந்தது. பாசி என்று எண்ணிய ஒன்று சுருங்கியது. மணல் என்று எண்ணிய இடத்திலிருந்து இரண்டு கண்கள் எழுந்தன. குட்டை முழுவதுமே எங்களுக்காகக் காத்திராமல், எங்களை மறந்தபின், தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

நடந்த கல், துறவி நண்டு. தனக்கென ஓடில்லாத இந்த நண்டு, இறந்த நத்தைகளின் ஓட்டுக்குள் தன் மெல்லிய பின்னுடலை நுழைத்துக்கொண்டு வாழ்கிறது. உடல் வளர வளரப் பெரிய ஓட்டைத் தேட வேண்டும். நல்ல ஓடு ஒன்று காலியானால், சில வேளைகளில் நண்டுகள் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நின்று, முன்னால் உள்ளது மாறியதும் அது விட்ட ஓட்டில் அடுத்தது என்று, ஒன்றன்பின் ஒன்றாகக் குடிமாறும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. மும்பையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டிய தேவையில்லை. செம்பூர்க் குடும்பத்துச் சிறுவன் அதற்குள் அழகிய சங்கு வடிவ ஓடுகள் நான்கைந்தைக் கால்சட்டைப் பையில் போட்டிருந்தான். வழிகாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "இவை காலி வீடுகள் தம்பி, குடிவர யாராவது இருப்பார்கள்" என்று அவர் இந்தியில் சொன்னதை, அவனுடைய தாயார் தமிழில் எடுத்துரைத்தார். சிறுவன் ஓடுகளை ஒவ்வொன்றாகக் குட்டையில் இட்டான். கடைசி ஒன்றை இடுவதற்கு மட்டும் அவனுக்குச் சற்று நேரமாயிற்று.

சுருங்கிய பாசி, கடற்சாமந்தி. பெயர் பூவினுடையதாயினும் இது ஊன் உண்ணும் பிராணி. இதழ்போல் விரியும் விரல்களில் நஞ்சுள்ள நுண்ணிய ஊசிகள் உண்டு. இதன் உறவினரான ஜோவாந்திட்டுகள் மும்பைப் பாறைகளில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கின்றன. பச்சையும் பழுப்புமாகச் சட்டைப் பொத்தான்களை நெருங்கப் பதித்தது போன்ற தோற்றம். இவற்றில் சில இனங்களின் உடலில் மிகக் கொடிய நஞ்சு இருப்பதால், அழகில் மயங்கி விரலால் தொடுதல் ஆகாது. கூம்புச் சங்கு என்னும் அழகிய சங்கும் அத்தகையதே. அதன் நஞ்சு மனிதரைக் கொல்லக்கூடியது. மழைக்காலத்தில் ஜூஹு மணலில் ஒதுங்கும் நீலநிறச் சொறிகளையும் இங்கே நினைவூட்டுகிறோம். 2018 ஆகஸ்டில் அவை தீண்டிப் பலர் துன்புற்றனர்.

நீருக்கடியிலிருந்து அவ்வப்போது 'சடக், சடக்' என்று, விரலைச் சொடுக்குவது போன்ற ஓசை எழுந்தது. எதிரொலிக்கும் குட்டை என்று நாங்கள் நினைத்தோம். அது ஓர் இறாலின் வேலை. சுண்டுவிரல் அளவே உள்ள அந்த இறாலின் ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதனை அது மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி பிறந்து உடைகிறது. அந்த உடைவே ஓசைக்குக் காரணம் என்று 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அந்த அதிர்ச்சியில் சிறு இரைகள் மயங்கிவிடும்.

பேய்க்கணவாயைக் காண வேண்டும் என்பது எல்லோருடைய ஆசையும். எட்டுக் கைகளும், மூன்று இதயங்களும், நீல இரத்தமும் கொண்ட பிராணியல்லவா? வழிகாட்டி அதைத் தேடவில்லை. நண்டு ஓடுகளின் குவியலைத் தேடினார். பாறை இடுக்கு ஒன்றின் வாயிலில், தின்று எறிந்த ஓடுகள் குவிந்து கிடந்தன. உள்ளே நோக்கினோம். நெடுநேரம் இருள் மட்டுமே தெரிந்தது. பின்னர் அந்த இருளில் ஒரு பகுதி நிறம் மாறியது. அவ்வளவே. வெளியே வரும்படி அதனைக் கிளறலாமா என்று மாணவியருள் ஒருவர் கேட்டார். அது வெளியே வராமல் இருப்பதற்குத்தான் அங்கே இருக்கிறது என்று பதில் கிடைத்தது.

இனி அந்தக் கல்லைப் பற்றி. ஓரிடத்தில், இரண்டு கைகளால் தூக்கத்தக்க ஒரு கல்லை வழிகாட்டி மெல்லப் புரட்டினார். மேல்பக்கத்தில் பச்சைப் பாசி ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்தக் கல்லின் அடிப்பக்கம், வண்ணப்பொடி கொட்டியதைப் போலிருந்தது. செம்மஞ்சள் நிறக் கடற்பஞ்சுகள். நகத்தளவே உள்ள தட்டை நண்டுகள். ஐந்து நீண்ட கைகளைப் பாம்புபோல் நெளித்துக்கொண்டு வெளிச்சத்திலிருந்து ஓடும் நட்சத்திரப் பிராணிகள். குழாய்களுக்குள் வாழும் புழுக்கள். ஏதோ ஒரு நத்தை வரிசையாக ஒட்டிவைத்த முட்டைகள். இருபது நொடிகளுக்கு மேல் அவர் எங்களைப் பார்க்கவிடவில்லை. அடியில் வாழ்பவை வெயிலில் வாடி இறந்துவிடும். மேலே வளரும் பாசி இருளில் அழுகிவிடும். ஒரு கல்லைப் புரட்டிவிட்டுப் போய்விட்டால் இரண்டு பக்கத்துக் குடிகளும் அழிகின்றன. கல்லை அவர் திரும்ப வைக்கும்போது, ஓடிய நண்டு ஒன்று விளிம்பில் நசுங்காமல் உள்ளே செல்லும்வரை கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். அவருடைய கை நடுங்கிற்று; கல் கனமானதுதான்.

இந்த வேளையில் கரையில் ஒரு சிறு பூசல் நேர்ந்தது. எங்களுக்கு முன்னரே அங்கு வந்திருந்த ஒரு கோளி மூதாட்டி, முழங்காலுக்கு மேல் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, இரும்புக் கொத்தி ஒன்றால் பாறையிலிருந்த சிப்பிகளைத் தட்டித் திறந்து, சதையை ஒரு பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். மராத்தியில் இச்சிப்பியைக் கால்வ் என்பார்கள். மும்பையின் மீனவ இல்லங்களில் இதற்குத் தனிச் சுவையும் மதிப்பும் உண்டு. எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற அலுவலர், சற்றுமுன் கேட்ட விதிகளின் உற்சாகத்தில், அந்த அம்மையாரிடம் சென்று, இவற்றை எடுப்பது தவறு என்று எடுத்துரைக்கத் தொடங்கிவிட்டார். மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார், மறுமொழி கூறவில்லை, மீண்டும் கொத்தத் தொடங்கினார்.

வழிகாட்டி விரைந்து வந்து, "மாவ்ஷி, மன்னிக்க வேண்டும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, எங்களை அப்பால் அழைத்துச் சென்றார். எடுக்கலாகாது என்ற விதி, வேடிக்கை பார்க்க வந்த நமக்கு உரியது என்றார் அவர். கோளி மக்கள் இந்தத் தீவுகளின் தொல்குடிகள். நகரத்தின் பெயருக்குக் காரணமான மும்பாதேவி அவர்கள் வழிபட்ட தெய்வம். எந்தப் பாறையில் எந்தப் பருவத்தில் சிப்பி முற்றும் என்பதை அறிந்து, முற்றியதை மட்டும் எடுத்து, இளையதை விட்டுவைத்தே அவர்களில் பலரும் தலைமுறைகளாக இந்தக் கரையில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அந்த அம்மையார் ஒரு காலையில் கொண்டு செல்வது ஒரு பாத்திரம். நகரம் ஒவ்வொரு நாளும் கடலில் கொண்டுவந்து கொட்டுவது எவ்வளவு என்று, நாங்கள் நின்ற இடத்திலேயே சாக்கடை நீர் இறங்கும் வாய்க்கால் விடை கூறிற்று. அலுவலரும் நேர்மையான மனிதர். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, பிறகு தாமே சென்று மூதாட்டியிடம், சிப்பியை எவ்வாறு சமைப்பீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் அவர் விரிவாகவே விடை அளித்தார். தேங்காயும் கோகமும் சேர்ந்த ஏதோ ஒரு குழம்பு என்பது வரை எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் அபிப்பிராயத்தில், அன்றைய நடையின் மையம் அந்தப் பூசல்தான். கரையைக் காப்பது என்ற பேச்சில் முதற்குற்றவாளியாக நிறுத்தப்படுபவர், பெரும்பாலும், கரையில் அன்றாடம் குனிந்து நிற்பவராகவே இருக்கிறார். அதனால் நேரும் அநீதியை மும்பைக் கடற்கரைச் சாலையின் வரலாற்றிலும் காணலாம்.

தென் மும்பையின் மேற்குக் கரையோரமாக, கடலைத் தூர்த்து அமைக்கப்பட்ட அந்தச் சாலையின் பணி 2018-இல் தொடங்கியது. கரையைத் தூர்ப்பது இந்த நகரத்துக்குப் புதிய வழக்கம் அன்று. ஏழு தீவுகளாக இருந்தவற்றை ஒன்றாக்கியதே அவ்வாறுதான். 2019 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் சாலைக்குத் தரப்பட்ட கடலோர அனுமதியைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்கவே, பணி தொடர்ந்தது. 2024 மார்ச்சில் சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. அதன் வழித்தடத்தில், ஹாஜி அலியிலும் வர்ளியிலும், பாறைகளின்மேல் உயிருள்ள பவளக் கூட்டங்கள் இருந்தன. மும்பையில் பவளமா என்று நாங்களும் வியந்தோம். பவளப் பாறைகளை உண்டாக்கும் உயிர்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமான காப்பில் உள்ளவை. எனவே 2020-இல் 18 பவளக் கூட்டங்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டுக் கொலாபாப் பகுதிக் கரைக்கு மாற்றப்பட்டன. சட்டத்தில் பெயருள்ள பவளத்துக்கு மாற்றிடம் கிடைத்தது. பெயரில்லாத கொட்டலசுக்கும், தன் தழும்பைத் தேடித் திரும்பும் நத்தைக்கும், கல்லுக்கடியில் வாழ்ந்தவற்றுக்கும் கோப்பில் வரியில்லை.

வர்ளி கோளிவாடா மீனவர்களுக்கோ வேறொரு தொல்லை. சாலையைக் கடற்பாலத்துடன் இணைக்கும் பகுதியில், அவர்களுடைய படகுகள் சென்றுவரும் வழியில், தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளி போதும் என்று திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அலையும் காற்றும் மிகுந்த நாளில் அந்த இடைவெளியில் படகு தூணில் மோதும் என்று அவர்கள் வாதாடினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின், 2022 டிசம்பரில், அதனை 120 மீட்டராக விரிவாக்க அரசு இசைந்தது. அவர்கள் கேட்டது இதனினும் மிகுதி. எனினும், கரையில் நிற்பவர்களைக் கேட்டுத் திட்டம் வகுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த 60 மீட்டர் ஒரு சான்று.

நடையின் இறுதியில், கண்டல் மரங்களின் அடியில் உள்ள சேற்றில், மீனாகப் பிறந்தும் நிலத்தில் நடக்கும் ஒரு விந்தையைக் கண்டோம். மார்புத் துடுப்புகளை ஊன்றுகோலாக்கிச் சேற்றில் தத்திச் செல்லும் அந்த மீன், தோலில் ஈரம் உள்ளவரை காற்றையே மூச்சாகக் கொள்ளும். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் உறை ஒன்றின்மேல் ஏறி நின்று, அது எங்களை உற்று நோக்கிற்று. அதற்குள் நீர் திரும்பத் தொடங்கிவிட்டது. வழிகாட்டி எண்ணிப் பார்த்து, பதினைந்து பேரும் உள்ளோம் என்று உறுதி செய்துகொண்டு எங்களைக் கரையேற்றினார். இதனை அவர் மிகக் கண்டிப்புடன் செய்தார். கடல் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. தாழ்ந்த பள்ளங்களின் வழியே நமக்குப் பின்னாலும் புகுந்து, நாம் நிற்கும் பாறையைத் தீவாக்கிவிடும். இறங்குமுன் நேரம் பார்ப்பதும், ஓதம் திரும்புவதற்கு முன்பே கரையேறிவிடுவதும் இன்றியமையாதவை.

இத்தகைய காட்சி மும்பைக்கு மட்டும் உரியது அன்று. குஜராத்தில் உள்ள நம்மவர்கள், ஜாம்நகருக்கு அருகில் உள்ள நராராவுக்குச் சென்று பார்க்கலாம். கட்ச் வளைகுடாவின் அப்பகுதி 1982-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. வனத்துறையின் அனுமதி பெற்று வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். ஒடிசாவில் சாந்திப்பூர்க் கடல் வற்றும்போது சில கிலோமீட்டர் தூரம் விலகிச் செல்லும். அந்தமானில் வாழும் தமிழர்களுக்கு, நீல் தீவு என்று வழங்கிய ஷஹீத் தீவில், இயற்கைப் பாலத்தின் அடியில் உள்ள பாறைக் குட்டைகளை உள்ளூர் வழிகாட்டிகள் காட்டுவார்கள்.

மும்பை நேயர்களுக்கு ஒரு குறிப்பு. நிலவும் கதிரவனும் ஒரே நேர்கோட்டில் நின்று கடலை ஈர்ப்பதால், அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாள்களையும் அடுத்த ஓரிரு நாள்களையும் ஒட்டியே கடல் மிகுதியாக ஏறும், மிகுதியாக வற்றும். அந்நாள்களில் மும்பைக் கரையில் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி நீர் உச்சத்தில் இருக்கும். காலை, மாலை ஆறு ஏழு மணி அளவில் அடிமட்டத்துக்கு இறங்கும். பின்னர் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. துல்லியமான நேரத்துக்கு அதனையே நம்ப வேண்டும். ஆனால் எந்த வாரத்தில் விடுப்புக் கேட்பது என்று முன்கூட்டித் தீர்மானிப்பதற்கு, ஊரிலிருந்து வரவழைத்து அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கிறோமே, அந்தத் தமிழ் நாட்காட்டியே போதும்.